பழைய குடும்ப வேன்: ஆம்னியும் அதன் போட்டி வண்டிகளும்

நம் பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு குடும்பம் பழைய வேன் ஒன்றை வாங்குவது பெரும்பாலும் தக்காளியோ மாங்காயோ நல்ல விலைக்குப் போன ஆண்டிலாகும். நெசவாளர் வீடானால் பண்டிகைக் காலத்துக் கூலி ஒருசேரக் கைக்கு வந்த சமயத்திலாகும். கையிருப்புப் போதாதபோது வீட்டு நகை அடகுக்குப் போகிறது. நிலம் வாங்குவதானால் பத்துப் பேரை விசாரித்து, வில்லங்கம் பார்த்து, எல்லைக் கல்லை மிதித்துப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்கும் நம்மவர், வண்டி வாங்கும்போது மட்டும் வர்ணத்தையும் விலையையும் கண்டு அரை நாளில் முடிவு செய்துவிடுகின்றனர். நிலம் தவறாக அமைந்தால் விளைச்சல் குறையும். வண்டி தவறாக அமைந்தால் அதில் ஏறியிருக்கும் பிள்ளைகளின் உயிருக்கே கேடு வரும். ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வது தகும்.

பழைய குடும்ப வேன் என்றவுடன் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது மாருதி ஆம்னியே. தமிழ்நாட்டில் ‘ஆம்னி’ என்ற சொல் தொலைதூரம் செல்லும் தனியார் பஸ்ஸையும் குறிப்பதால், கிராமத்தார் இதனை ‘மாருதி வேன்’ என்றே அழைப்பது வழக்கம். 1983 டிசம்பரில் மாருதி 800 கார் வெளிவந்தது. அதனை அடுத்து 1984-இல் இந்த வேன் வெளியாயிற்று. ஜப்பானின் சுசுகி நிறுவனம் செய்த ‘கேரி’ என்னும் சிறு வண்டியே இதற்கு மூலம். ஆம்னி என்ற பெயர் 1988-இல்தான் சூட்டப்பட்டது. 2019-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, முகப்பிலும் எரிபொருள் செலுத்தும் முறையிலும் செய்த மாற்றங்கள் நீங்கலாக, ஏறக்குறைய ஒரே உருவில் 35 ஆண்டுகள் விற்பனையான வண்டி இது. பள்ளி வேனாகவும், ஆம்புலன்ஸாகவும், பூக்கூடை சுமக்கும் வண்டியாகவும் இது உழைத்ததை யாவரும் அறிவர். பக்கவாட்டில் நகரும் கதவின் வசதி காரணமாகத் திரைப்படங்களில் ஆட்கடத்தல்காரருக்கு இந்த வேனையே கொடுத்துப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். அது வண்டியின் குற்றமன்று.

இதே காலத்தில், 1983 இறுதியில், அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனமும் குடும்ப மினிவேன் ஒன்றை வெளியிட்டது. ஆயினும் இரண்டும் வெவ்வேறு இனம். அமெரிக்க வண்டியின் எஞ்சின் முன்மூக்கினுள் இருந்தது; கொள்ளளவு 2.2 லிட்டர். நம் ஆம்னியின் எஞ்சினோ முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. கொள்ளளவு 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 35 குதிரைத்திறன், நான்கு கியர். எஞ்சினை இருக்கைக்கு அடியில் மறைத்துவிட்டமையால், 3,370 மி.மீ. நீளமே உள்ள வண்டியில் எட்டுப் பேருக்கு இடம் செய்ய முடிந்தது. இந்த வண்டியின் நன்மையும் தீமையும் இந்த ஓர் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன என்பதை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

வண்டியை வண்டியோடு ஒப்பிடுவதற்கு முன், அதனை வேலையோடு ஒப்பிட வேண்டும். நம் அங்கத்தினர்களின் வேலை ஒரே தன்மையதன்று. நெசவாளர் ஏற்றுவது நூல் சிப்பம், பாவு, நெய்து மடித்த துணி ஆகியவை. இவை இடத்தை அடைக்கும், எடை அதிகமில்லை. ஈரமும் எண்ணெய்க் கறையும் ஆகா. விவசாயி ஏற்றுவதோ தக்காளிப் பெட்டி. பெட்டி ஒன்றுக்கு 25 கிலோ என்று கொண்டால் பன்னிரண்டு பெட்டி 300 கிலோ ஆகிறது; ஓட்டுபவரையும் உடன் வருபவரையும் சேர்த்தால் 430 கிலோவுக்குக் குறையாது. இத்துடன் தக்காளி கசியும். அப்புளித்த நீர் தரை விரிப்பின் அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். நெசவாளரிடம் பத்தாண்டு இருந்த வேனும், மண்டிக்குப் போய்வந்த வேனும் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் அடித்தகட்டில் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்து, சாலை. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளிக்கோ, காரிமங்கலத்துக்கோ, தருமபுரிக்கோ செல்லும் பயணம் சிறியது. ஓசூர் செல்வோர் இராயக்கோட்டை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 844-இல் லாரிகளுக்கும் விரைவு வண்டிகளுக்கும் நடுவே நெடுநேரம் ஓட்ட வேண்டும். சேலத்துக்கு நூல் வாங்கவோ துணி கொடுக்கவோ செல்வோருக்குத் தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அங்கு நேர்ந்த விபத்துக்களைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. சுமையோடு இறங்கும் வண்டிக்குப் பிரேக்கும், திரும்பி ஏறும் வண்டிக்கு எஞ்சினின் இழுவையும் அங்கே சோதிக்கப்படுகின்றன.

இந்த இரண்டையும் மனத்திற் கொண்டு போட்டி வண்டிகளைப் பார்ப்போம்.

ஆம்னிக்கு நேர் வாரிசு ஈக்கோ. இடையில் 2001-இல் மாருதி வெளியிட்ட வெர்சா என்னும் வேன் அதிகம் விலைபோகவில்லை. அதன் உடலையே எளிமையாக்கி, 1,196 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் பொருத்தி, 2010 ஜனவரியில் ஈக்கோ என்று வெளியிட்டனர். திறன் 73 குதிரைத்திறன். அதாவது ஆம்னியைப் போல் இரு மடங்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஆம்னியில் 1,840 மி.மீ.; ஈக்கோவில் 2,350 மி.மீ. இவ்வேறுபாட்டைச் சிறிதென எண்ணலாகாது. சக்கர இடைவெளி குறுகிய வண்டி குழியில் துள்ளும். பக்கத்தில் பஸ் கடந்து செல்லும்போது காற்றில் தள்ளாடும். ஆம்னியின் அகலம் 1,410 மி.மீ., உயரம் 1,640 மி.மீ. அகலத்தைவிட உயரம் மிகுந்த வண்டியின் தலைமேல் கம்பித்தட்டு அடித்துச் சுமை ஏற்றுவோர், வளைவில் அது சாய்வதற்கு வேண்டிய ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்கின்றனர்.

டீசல் வண்டிகளில் மூன்று நம் பக்கத்தில் அதிகம் கிடைக்கும். டாட்டா சுமோ 1994 முதல் 2019 வரை விற்பனையாயிற்று. டொயோட்டா குவாலிஸ் 2000-இல் நம் அண்டையிலுள்ள பிடதித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, 2005-இல் இன்னோவாவுக்கு இடம் கொடுத்து நின்றது. செவர்லே டவேரா 2004-இல் வந்து, ஜெனரல் மோட்டார்ஸ் இந்நாட்டில் விற்பனையை நிறுத்திய 2017 வரை நீடித்தது. மூன்றும் கனத்த அடிச்சட்டத்தின்மேல் உடலை ஏற்றிய வண்டிகள். கரடுமுரடான தடத்தையும் முழுச் சுமையையும் தாங்குவன. குவாலிஸின் 2,446 சி.சி. எஞ்சினுக்கு 75 குதிரைத்திறனே. ஈக்கோவைவிடப் பெரிய வேறுபாடில்லை. ஆனால் டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுவை கொடுப்பதால் எட்டுப் பேரோடு கணவாயை ஏறுவது அதற்கு எளிது.

இவற்றுள் குவாலிஸுக்கு உள்ள புகழ் பொய்யன்று. எனினும் கணக்கு ஒன்று உண்டு. கடைசிக் குவாலிஸ் 2005-இல் விற்றது. ஆகவே இன்று விலைக்கு வரும் எந்தக் குவாலிஸும் இருபது வயதைத் தாண்டியதே. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு ரூ. 600-லிருந்து ரூ. 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் அறிவித்த விதிப்படி இருபது ஆண்டைக் கடந்த இலகு ரக வண்டிக்கு ரூ. 10,000 ஆகும். மாநிலப் பசுமை வரி தனி. விற்பவர் இதனைச் சொல்வதில்லை.

டவேராவைப் பற்றி ஒரு சொல். 2013 ஜூலையில், புகை அளவும் தர விவரங்களும் விதிக்குப் பொருந்தவில்லை என்று, ஏறக்குறைய 1,14,000 டவேரா வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. வாங்குவோர் அந்த வேலை தம் வண்டியில் நடந்ததா எனச் சேவைக் குறிப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விலை குறைவாக இருப்பதற்கு மற்றொரு காரணம், உதிரிப் பாகத்துக்கு இனி வெளிச்சந்தையையே நம்ப வேண்டியிருப்பது. ஆம்னியின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் எஞ்சின் குடும்பம் மாருதி 800 காரினுடையதே ஆதலால், வண்டி நின்று சில ஆண்டுகள் ஆன பின்னரும் அதனைப் பிரித்துக் கோக்கத் தெரியாத பட்டறை நம் ஊர்ப்பக்கம் இல்லை.

2012-இல் வந்த எர்டிகாவும் இன்று பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கிறது. முன்மூக்கும் ஏழு இருக்கையும் உடையது. மேல்தர வகைகளில் காற்றுப்பையும் உண்டு. குடும்பம் மட்டும் ஏறுமாயின் இது மற்ற எல்லாவற்றினும் மேலானது. விலை அதிகம் என்பதும், சுமை ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டியன்று என்பதும் இதன் குறைகள்.

இனிச் செலவுக் கணக்கு. மாதம் 800 கிலோமீட்டர், ஆண்டுக்கு 9,600 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் ரூ. 100, டீசல் ரூ. 92 எனவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நல்ல நிலையிலுள்ள ஆம்னி லிட்டருக்கு 14, ஈக்கோ 13, குவாலிஸ் 11 கிலோமீட்டர் கொடுப்பதாகக் கொண்டால், ஆண்டு எரிபொருள் செலவு முறையே ஏறக்குறைய ரூ. 68,600, ரூ. 73,800, ரூ. 80,300 ஆகும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் எஞ்சினின் அளவைப் பொறுத்தது: 1,000 சி.சி. வரை ரூ. 2,094, 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897, வரி தனி. நாம் பேசும் மூன்று வண்டிகளும் வரிசையாக இம்மூன்று படிகளில் விழுகின்றன. இரண்டையும் கூட்டினால், ஆம்னியைவிட ஈக்கோவுக்கு ஆண்டில் ஏறக்குறைய ரூ. 6,500-உம், குவாலிஸுக்கு ரூ. 17,500-உம் அதிகமாகிறது.

இதனைக் கண்டு ஆம்னியே சிக்கனம் என்று முடிவுகட்டுதல் கூடாது. ஈக்கோவுக்குக் கூடுதலாக ஒரு லட்சம் கடன் வாங்க நேர்ந்து, வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு ஆனால், முதல் ஆண்டில் ரூ. 12,000 மேலும் சேரும் என்பதும் உண்மையே. ஆனால் ஆம்னி இரண்டு நடை போகும் சுமையை ஈக்கோ ஒரு நடையில் கொண்டு செல்லுமானால், எரிபொருள் கணக்கு தலைகீழாகிவிடும். அன்றியும் சக்திக்கு மீறி இழுத்த சிறு எஞ்சினை ஒருமுறை முழுதும் பிரித்துச் செய்தால், இரண்டு மூன்று ஆண்டு மிச்சம் அதிலே கரைந்துபோம்.

இனிப் பாதுகாப்பு. இதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆம்னியில் ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னே இருப்பது ஒரு தகடு. அதன்முன் வேறொன்றும் இல்லை. முன்மூக்குடைய வண்டியில் மோதலின் விசையை மடங்கி ஏற்றுக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. ஆம்னியில் அப்பகுதி நம் கால்களே. ஈக்கோவும் இவ்வகையில் மெச்சத் தக்கதன்று. 2016-இல் குளோபல் என்கேப் என்னும் சர்வதேச அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஈக்கோவை மோதிச் சோதித்து நட்சத்திரம் ஒன்றும் கொடுக்கவில்லை. 2019-இல்தான் ஈக்கோவுக்கு ஓட்டுபவர் காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் வந்தன. அதே ஆண்டில், புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆம்னி விடைபெற்றது. ஆகையால் ஈக்கோ வாங்குவோர் 2019-க்குப் பிற்பட்டதற்குச் சற்று அதிகம் கொடுக்க நேர்ந்தாலும் கொடுப்பதே நன்று.

எமது தீர்ப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஊருக்குள்ளும் தருமபுரி வரையிலும் துணிச் சிப்பத்தோடு போய்வரும் நெசவாளர் வீட்டுக்கு, துருப்பிடிக்காத பிந்திய ஆம்னி போதும். அதனை நெடுஞ்சாலை வண்டியாக்கக் கூடாது. ஓசூருக்கும் சேலத்துக்கும் மாதம் பலமுறை செல்லும் குடும்பம் ஈக்கோவைப் பார்க்கட்டும். எட்டுப் பேர் உண்மையாகவே ஏறும் வீடும், பழைய டீசலை நன்கறிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்திருந்தால் மட்டுமே சுமோவோ குவாலிஸோ தகும். நாள்தோறும் தக்காளி ஏற்றுவோருக்கு இவற்றுள் எதுவும் தகாது. அவர்கள் 2005 முதல் வரும் டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டியைச் சரக்கு வண்டியாகவே பதிவு செய்து வாங்க வேண்டும். தனியார் பதிவுள்ள வேனின் இருக்கையைக் கழற்றிப் பெட்டி அடுக்குவதும், கூலிக்கு ஆள் ஏற்றுவதும் விபத்து நேர்ந்தால் காப்பீட்டையே இழக்கச் செய்யும்.

எவ்வகையைத் தேர்ந்தாலும், ஒரே பெயருடைய இரண்டு பழைய வண்டிகள் ஒன்றல்ல. சோதிக்கும் முறையை அறிதல் அவசியம்.

காலையில், விற்பவர் எஞ்சினை முடுக்குவதற்கு முன்னே போய்ச் சேர வேண்டும். சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியவுடன் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால் குளிர்நீர் உள்ளே புகுகிறது. கரும்புகையானால் எரிபொருள் மிகுதி. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென வருமானால் உள்ளே தேய்மானம் மிகுந்துவிட்டது. ஆம்னியில் இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். தூக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ரேடியேட்டர் நீரில் துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ உள்ளதா எனவும் பார்க்க. ஆனால் அதன் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்.

பின்னர்த் தரை விரிப்பை முழுதும் புரட்டுக. ஆம்னியில் துரு முதலில் தோன்றுமிடம் படிக்கட்டின் உட்பக்கம், சக்கர வளைவு, நகரும் கதவின் கீழ்த்தடம். கதவைத் திறந்து மூடும்போது கீழ் உருளை தடம்விட்டு ஆடினால், அங்கே தகடு தேய்ந்துள்ளது. புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சுப் பூசியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். ஒரு திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க. நல்ல தகடு கணீரென்னும், அரித்தது மொத்தென்னும். இருக்கைப் பட்டியை இறுதி வரை இழுத்துப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல. வெள்ளம் கண்ட வண்டியைக் கழுவித் துடைத்தாலும் பட்டியின் உள்மடிப்பில் சேற்றின் கோடு தங்கிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியே ஓட்டாமல், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏற்றுக. கியர் தானாக நழுவுகிறதா, கிளச் வழுக்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் ஒப்பக்கூடாது. நான்கு டயரின் தேய்மானமும் சமமாக இல்லையேல் முன்பு அடிபட்டிருக்கக்கூடும்.

எரிவாயு பொருத்திய ஆம்னிகள் மிகுதி. தொழிற்சாலையிலேயே பொருத்தியதும் உண்டு. வெளியில் பொருத்தியதும் உண்டு. வெளியில் பொருத்தியதாயின் ஆர்.சி. புத்தகத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். தொட்டியின் சோதனைத் தேதியும் கடந்திருக்கக் கூடாது. சமையல் சிலிண்டரிலிருந்து வாயுவை மாற்றி ஓட்டிய வண்டி என்று சிறிது ஐயம் தோன்றினாலும் அவ்விடத்தை விட்டு வந்துவிடுக. அது சட்டப்படி குற்றம்; அவ்வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது அதனினும் பெரிய குற்றம்.

கடைசியாகப் பத்திரங்கள். சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். கடன் நிலுவையும் அபராத நிலுவையும் உண்டா என்பதை அரசின் வாகனப் பதிவேட்டில் இன்று யாரும் பார்க்கலாம். முன்பு கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நமக்கு ஓசூர் எல்லை அருகிலிருப்பதால் பெங்களூரில் மலிவு என்று கே.ஏ. எண்ணுள்ள வேனை ஓட்டி வருவோர் பலர். அதற்குப் படிவம் 28 வழியே அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கு ஆயுள் வரி கட்டி, தருமபுரிக்குரிய டி.என். 29 எண் பெற வேண்டும்; பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிமாநில எண்ணோடு வைத்திருத்தல் சட்ட விரோதம். அவ்வரியையும் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், அந்த மலிவு பல சமயம் மறைந்துபோம்.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பழைய வேனைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதோடு சிலர் இருந்துவிடுகின்றனர். பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்பது அவர் எண்ணம். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், விபத்தின் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் இது பொருந்தும். ஆகவே விற்ற பதினான்கு நாளுக்குள் படிவம் 29-ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பித்து, அதன் ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்க.